பட்டாளத்துக்காரரின் தூக்கம்

எங்கள் கோவிந்தாபுரம் பாலக்காடு மாவட்டத்தின் ஓரத்தில், பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகும் சாலையில் இருக்கிறது. சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. பேச்சு இரு பக்கமும் தமிழ்தான். எங்கள் தெருவில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு தம்பி இருக்கிறார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. இரவு இரண்டு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "தூக்கம் வர்றதில்லீங்க மாமா. வந்தாலும் திடுக்குனு எந்திரிச்சுக்கறேன்" என்றார். காவல் பணியில் இருந்தபோது பக்கத்தில் குண்டு வெடித்துச் சில நிமிடங்கள் நினைவிழந்திருக்கிறார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லிச் சில நாள் ஓய்வுக்குப் பின் பணிக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஆறு வருடமாகத் தூக்கம் சரியில்லை. பகலில் தூங்கி வழிவதால் வீட்டில் சோம்பேறி என்ற பெயர். அம்மா மந்திரிக்க அழைத்துப் போனார். இவரோ தூக்க மாத்திரையும், அது போதாத நாளில் பிராந்தியுமாக இருந்தார்.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன். ஆனால் அவருடன் மருத்துவரிடம் போய் வந்ததிலும், அதன் பிறகு தேடிப் படித்ததிலும் தெரிந்துகொண்டதை நம் வாசகர்களுக்குச் சொல்வது நல்லது என்று தோன்றியது. ராணுவத்தில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் நம்மில் எத்தனையோ.

முதலில் அந்த 'லேசான' மூளைக்காயம் என்ற சொல். நினைவிழப்பு அரை மணி நேரத்துக்குள், ஞாபகக் குழப்பம் ஒரு நாளுக்குள், சி.டி. ஸ்கேன் சுத்தம் என்றால் மருத்துவர்கள் அதை லேசானது என்கிறார்கள். அடிபட்ட வேளையின் நிலையைக் குறிக்கும் சொல் அது. பின்விளைவும் லேசாக இருக்கும் என்று அதற்குப் பொருளில்லை. தண்டவாளத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறலை நாங்கள் அல்ட்ராசானிக் கருவி வைத்துத்தான் கண்டுபிடிப்போம். மேலே பளபளவென்றிருக்கும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும். மூளை நரம்பிழைகள் குலுங்குவதும் அப்படித்தான். சாதாரண ஸ்கேனில் அது தெரிவதில்லை.

இது புதிய நோயும் அல்ல. முதல் உலகப் போரில் 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் ஷாக்' பற்றி லான்செட் இதழில் எழுதினார். 2020 ஜனவரி 8-ல் ஈராக்கின் அல் அசாத் தளத்தில் ஈரானிய ஏவுகணைகள் விழுந்தபோது, அமெரிக்கப் படையில் யாருக்கும் காயமில்லை என்றுதான் முதலில் அறிவித்தார்கள். பிறகு பரிசோதித்ததில் நூறு பேருக்கு மேல் மூளைக்காயம் இருந்தது.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் எல்லாம் சரியாகிவிடுகிறது. சிலருக்குத்தான் தூக்கம் திரும்புவதில்லை. அது திரும்பாவிட்டால் தலைவலி, மறதி, எரிச்சல் எதுவும் அடங்குவதில்லை. எனவே முதலில் தூக்கத்தைக் கவனிக்க வேண்டும்.

மருத்துவர் எடுத்தவுடன் மருந்து எழுதவில்லை. இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதி வரச் சொன்னார். எப்போது படுத்தார், எப்போது விழித்தார், என்ன குடித்தார் எல்லாம். பிறகு குறட்டையைப் பற்றி மனைவியிடம் கேட்டார். "மூச்சு நின்னு நின்னு வருதுங்க" என்றது அந்தப் பெண். ஓர் இரவு தூக்கப் பரிசோதனையில் மூச்சுத் தடை இருப்பது உறுதியானது. இப்போது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சீபாப் கருவி வைத்துப் படுக்கிறார். இந்த நோயுள்ளவருக்கு மதுவும் சிலவகைத் தூக்க மாத்திரைகளும் தொண்டைத் தசையைத் தளர்த்தி மூச்சுத் தடையை இன்னும் கூட்டும் என்பதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம்.

தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை பழக்கத்தை மாற்றும் பயிற்சி. 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரியும், 2019-ல் அந்நாட்டு ராணுவ, முன்னாள் படைவீரர் துறைகளும் இதையே முதலில் வைத்தன. முறை எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறார் என்றால் படுக்கையிலும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே இருக்க வேண்டும். எழும் நேரம் தினமும் ஒன்றே. தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் போய் உட்கார வேண்டும். தூக்கம் இறுகியபின் கால் மணி நேரமாகக் கூட்டுவார்கள். முதல் வாரங்களில் பகலில் கண் சொருகும். எனவே வாகனம் ஓட்டுபவரும் வலிப்பு வந்தவரும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இதைச் செய்யக்கூடாது.

காலை வெளிச்சமும் உதவுகிறது. 2020-ல் வெளியான அரிசோனா ஆய்வொன்றில், லேசான மூளைக்காயம் பட்டவர்கள் ஆறு வாரம் தினமும் காலையில் அரை மணி நேரம் நீல ஒளி முன் அமர்ந்தார்கள். பகல் தூக்கம் குறைந்தது. எங்கள் ஊரில் அதற்கு விளக்கு வாங்க வேண்டியதில்லை, முதலமடை மாந்தோப்புப் பக்கம் வெயிலில் நடந்தால் போதும் என்று அழைத்துப் போகிறேன். மெலட்டோனினுக்கு 2018-ல் ஆஸ்திரேலியாவில் வந்த சிறிய ஆய்வு ஓரளவு நம்பிக்கை தந்தது. கெட்ட கனவுக்குக் கொடுக்கும் பிரசோசின், அதே ஆண்டு வந்த பெரிய ஆய்வில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கனவின் முடிவை மாற்றி எழுதி, பகலில் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும் பயிற்சியும் உண்டு. தம்பி அதை இன்னும் தொடங்கவில்லை.

பிராந்தி நின்று நான்கு மாதம் ஆகிறது. இன்னும் சில இரவுகளில் விளக்கு எரிகிறது. தீபாவளி வெடியை எட்டு மணிக்கு மேல் வேண்டாம் என்று தெருப் பிள்ளைகளிடம் நான்தான் பேசி வைத்தேன்.

ஓய்வு பெற்ற படைவீரருக்கு 2003-ல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டத்தில் சிகிச்சை உண்டு. மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2023 டிசம்பரில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படையினருக்கென அதன் தனிப்பிரிவும் தொடங்கியது. தலையில் அடிபட்டபின் தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, அடிக்கடி வாந்தியோ வலிப்போ வந்தாலோ தூக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடிபட்ட தேதி எழுதிய பழைய சீட்டையும் ஸ்கேன் படத்தையும், 'நார்மல்' என்று எழுதியிருந்தாலும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்களிடம் மருத்துவர் முதலில் கேட்டது அவற்றைத்தான். தேடி எடுக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று.