பந்தயக் காருக்கு ஒரு பிரதி

சென்னை அருகே சோழவரத்து விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் சீறிப் பாய்ந்த ஃபியட் 1100 பந்தயக் காரைப் போல் ஒன்றைத் தாமே செய்ய விரும்பும் மும்பைச் செம்பூர் வாசகர் ஒருவர், அதற்கு என்ன வர்ணம் பூசுவது, கதவில் எந்த எண்ணை எழுதுவது என்று கேட்டிருக்கிறார். அவை கடைசி நாள் காரியங்கள். முக்கியக் காரியம், எஞ்சினின் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் இருக்கிறது.

வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் ஸ்தாபித்த பிரிமியர் நிறுவனம், செம்பூரை அடுத்த குர்லாவில் 1964 முதல் செய்துவந்த ஃபியட் 1100 டிலைட்டே பின்னர் பத்மினி என்று பெயர் மாறி, 2023 அக்டோபர் வரை மும்பையின் டாக்ஸியாக உழைத்தது. ஆகவே ஓய்வுபெற்ற ஒரு பத்மினியே பிரதிக்கு உத்தமமான ஆதாரம். அதற்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலே எலும்புக்கூடுமாதலால், அடித்தளத்துத் துருவை வெட்டி நல்ல தகட்டைப் பற்றவைத்த பிறகே மற்றெதுவும்.

இனி அந்த ஹெட். சிலிண்டரின் விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 75. ஒரு சிலிண்டர் உள்ளிழுக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை சுமார் 272 கன சென்டிமீட்டர். அது 8-இல் ஒரு பங்காக ஒடுங்குவதாகவும், எரியறை சிலிண்டரளவு அகலமுள்ளதாகவும் கொண்டால், ஹெட்டின் முகத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டரைச் சீவியெடுத்த மாத்திரத்தில் அந்த விகிதம் 8.7-ஐத் தாண்டிவிடும். ஒடுக்கம் மிகுந்தால் சக்தியும் மிகும். ஆனால் அளவு மீறினால் கலவை தானே வெடித்து, பிஸ்டனையே துளைத்துவிடும்.

ஆதலால் ஹெட்டை மல்லாத்தி, வால்வுகளையும் பிளக்கையும் பொருத்தி, கிரீஸ் தடவிய கண்ணாடித் துண்டால் எரியறையை மூடி, அதிலுள்ள சிறு துவாரத்தின் வழியே பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிறார்கள். என் தாயார் பச்சைக் குழந்தைக்குப் பாலாடையில் மருந்து புகட்டும்போது காட்டிய ஜாக்கிரதை இதற்கு வேண்டும். நான்கு அறைகளில் பெரியது எதுவோ அதற்குச் சமமாகும்வரை மற்ற மூன்றையும் சிறிது சிறிதாகச் சுரண்டுவார்கள். ஏனெனில் சுரண்டிய உலோகத்தைத் திரும்பச் சேர்ப்பது எளிதன்று. கண்ணுக்குப் புலனாகாத இந்தச் சமத்துவத்தில்தான் பந்தயக் கார் என்ற பெயரின் நியாயம் அடங்கியிருக்கிறது.

தாராவியில் அலுமினியத்தை உருக்கிப் புதுப்பொருளாக்கும் உலைகளை நான் குறைகூறேன். அது நல்ல தொழில். ஆயினும் சீர்செய்யத் தக்க அலுமினிய ஹெட்டுகளும் கிலோ விலைக்குப் போய் உருகுவது, பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த மாட்டுங்காவுக்கு இத்தனை அருகில் நிகழ்வது விசனகரமானது. வர்ணத்தை மட்டும் பூசிக்கொண்டு இரவில் நெடுஞ்சாலையில் பந்தயம் விடுவதோ அதனினும் இழிவு. அது பிறர் உயிரோடு விளையாடும் பாவம்.

ஆகவே, நண்பரே, வர்ண டப்பா வாங்குமுன் நல்ல ஹெட் ஒன்றைக் காப்பாற்றுங்கள். அதை அளக்கக்கூடிய மெக்கானிக் ஒருவரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். கார் தயாரானதும் இருங்காட்டுக்கோட்டை போன்ற முறையான பந்தயக் களத்தில் மட்டும் அதை ஓட்டுங்கள்.