தகப்பன் பெயர் இல்லாவிட்டாலும் பிறப்புச் சான்றிதழ் உண்டு

அல்சூரானாலும் ஸ்ரீராமபுரமானாலும், கூலி வேலை செய்து பிழைக்கும் தாய்மார்களில் சிலருக்கு ஓர் அச்சம் உண்டு. தகப்பன் பெயரைச் சொல்லாமல் குழந்தையின் பிறப்பைப் பதிய முடியாது என்பதே அது.

இந்த அச்சம் வேண்டியதில்லை. 2015 ஜூலை 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பின்படி, மணமாகாத தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். கோர்ட் தடை ஏதும் இல்லாத பட்சத்தில், அதிகாரிகள் சான்றிதழ் வழங்கியாக வேண்டும்.

மணமானவர்கள் நிலை வேறு. மணவாழ்வு நீடிக்கும்போது பிறந்த குழந்தையைக் கணவனுடையது என்றே சட்டம் கொள்ளும். விவாகரத்துக்குப் பின் 280 நாட்களுக்குள் பிறந்தாலும், தாய் மறுமணம் செய்யாதிருந்தால் அப்படியே. இதில் சந்தேகம் எழுந்தால் தீர்க்க வேண்டியது கோர்ட். பதிவு அலுவலகம் அல்ல.

ஊர் வாய்க்குப் பயந்து எவர் பெயரையாவது எழுதிவிடக் கூடாது. தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் அபராதம் உண்டு. பின்னர் திருத்துவதும் எளிதல்ல.

பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அந்த நிர்வாகமே தெரிவிக்கும். ஓராண்டு கடந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு தேவை.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளியில் சேரவும் பாஸ்போர்ட் பெறவும் பிறந்த தேதிக்கு இச்சான்றிதழே ஆதாரம். தகப்பன் பெயர் இல்லாத சான்றிதழ் செல்லும். சான்றிதழே இல்லாவிட்டால் அல்லல்படுவது பிள்ளைதான்.