வாரிசு ஆட்சியை எதிர்த்தவர்கள்

பொம்மனஹள்ளியில் வாழும் தமிழ் நேயர்கள் ஓசூர் சாலை வழியே பெங்களூர் நகருக்குள் சென்றால், ஜான்சன் சந்தைக்கு அருகே மஸ்ஜிதே அஸ்கரி என்னும் ஷியா பள்ளிவாசலைக் காணலாம். அங்கே ஆண்டுதோறும் முஹர்ரம் துக்கம் அனுசரிக்கப்படுகிறது. அத்துக்கத்தின் பின்னே ஓர் அரசியல் வினா உண்டு: ஆளும் உரிமை தந்தைவழிச் சொத்தாகுமா?

முதல் நான்கு கலீபாக்களுள் எவரும் தந்தையிடமிருந்து பதவி பெற்றவரல்லர். உமையா மரபினரான முஆவியாவோ தம் மகன் யஸீதை வாரிசாக்கினார். கி.பி. 680-இல் யஸீது பட்டத்துக்கு வந்தபோது, நபிகள் நாயகத்தின் பேரர் ஹுசைன் அவரை ஏற்க மறுத்தார். கூபா நகரத்தாரின் அழைப்பின்பேரில் புறப்பட்டவர், கர்பலாவில் தம் சிறு கூட்டத்தாருடன் கொல்லப்பட்டார். மக்காவில் அப்துல்லா இப்னு ஸுபைர் 692 வரை எதிர்த்து நின்றார்.

நபியின் குடும்பத்துக்கே தலைமை உரியது என்றனர் ஷியாக்கள். தகுதியுடைய எந்த முஸ்லிமும் தலைவராகலாம் என்றனர் காரிஜியர். இஸ்லாத்தைத் தழுவிய பாரசீகர் முதலானோரோ, தாங்கள் அரபியருக்குச் சமமாக நடத்தப்படவில்லை எனக் குமுறினர். இம்மனக்குறைகளைத் திரட்டி, 747-இல் குராசானில் அபூ முஸ்லிம் கருங்கொடி உயர்த்தினார். 750-இல் உமையா ஆட்சி கவிழ்ந்தது.

ஆயினும், வென்ற அப்பாஸியரும் வாரிசு முறையிலேயே ஆண்டனர். 762-இல் அவர்களை எதிர்த்தும் மதீனாவில் கிளர்ச்சி எழுந்தது.