குடலில் விழும் முதல் அடி

எச்.ஐ.வி. குருதியிலேயே தன் நாசத்தைத் தொடங்குகின்றது என்பது பலரது எண்ணம். உண்மையில் பேரழிவு முதலில் நிகழ்வது குடலில். நோயெதிர்ப்புக் கலங்கள் பெருமளவில் நிறைந்திருப்பது அங்குதான். தொற்றிய சில வாரங்களுக்குள் குடற்சுவரைக் காக்கும் சீ.டி.4 கலங்கள் பெருந்தொகையாக அழிகின்றன.

காவலிழந்த அச்சுவரினூடாகக் குடல்வாழ் பற்றீரியாக்களின் கூறுகள் குருதியினுள் கசிகின்றன. நிர்ப்பீடனவியலாளர்களான டானியல் டூவெக், ஜேசன் பிரெஞ்ச்லி ஆகியோரின் குழு 2006 இல் இதனை எடுத்துக்காட்டியது. நமக்கு நாளாந்தம் உதவும் அதே பற்றீரியாக்கள்தாம்! இக்கசிவினால் நிர்ப்பீடனத் தொகுதி ஓயாது கிளர்ச்சியுற்றுக் களைத்துப்போகின்றது. கிளர்ச்சியுற்ற கலங்களையே எச்.ஐ.வி. எளிதிற் பற்றிக்கொள்கின்றது என்பது இன்னொரு கொடுமை.

இன்றைய மருந்துகள் வைரஸை அடக்கினாலும் குடற்சுவரை முற்றாகச் சீராக்குவதில்லை. பரிசோதனைக்கு வெட்கப்பட்டுக் காலங்கடத்துவோரைவிட, ஆரம்பத்திலேயே மருந்தைத் தொடங்குவோரின் குடலில் சேதம் குறைவாகவே காணப்படுகின்றது.