டி.சி. எங்கே?

சரக்கு லாரி வந்து நின்றதும் நான் முதலில் கேட்பது, "டி.சி. எங்கே?" பள்ளிக்கூடத்து டி.சி. இல்லை, உலோகத்தின் டெஸ்ட் சர்டிபிகேட். ஓசூரில் விமான பாகங்கள் கடையும் ஒரு பட்டறையில், உள்ளே வரும் சரக்கைச் சோதிப்பது என் வேலை.

டைட்டானியம் கம்பியின் முனையில் ஹீட் நம்பர் குத்தியிருக்கும். எந்த ஆலையில், எந்த முறை உருக்கிய உலோகம் என்பதை அது சொல்லும். டி.சி.யிலும் அதே எண் இருக்க வேண்டும். கம்பியை அறுத்தால், துண்டுக்கும் அந்த எண்ணைக் குத்திவிட்டுத்தான் அறுக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் எண் இருந்த முனையை அப்படியே அறுத்து, துண்டைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டான். "மேடம், நீங்க பார்க்கத்தானே அறுத்தேன், அதே கம்பிதான்" என்று கெஞ்சினான். மீதிக் கம்பிக்குச் சிவப்பு அட்டை கட்டினேன். நாளைக்கே அந்த ஆலை, 'இந்த ஹீட்டில் கோளாறு' என்று கடிதம் எழுதினால், அதில் செய்த பாகங்கள் எந்தெந்த விமானத்தில் இருக்கின்றன என்று தேடிப் பிடிக்க அந்த எண்ணை விட்டால் வேறு வழியில்லை.

எண்ணும் தாளும் பொருந்திவிட்டால் போதுமா? 2023இல் போர்ச்சுகல் விமான நிறுவனமான டாப்பின் பராமரிப்புப் பிரிவினர், புதியது என்று வந்த ஓர் இன்ஜின் பாகத்தில் தேய்மானத்தைக் கண்டார்கள். விற்றது லண்டனைச் சேர்ந்த ஏஓஜி டெக்னிக்ஸ். சான்றிதழில் இருந்ததோ தயாரிப்பாளரான சஃப்ரானின் பெயர். சஃப்ரானிடமே கேட்டார்கள், தாள் போலி. பழைய ஏர்பஸ் 320, போயிங் 737 ரகங்களில் ஓடும் சிஎஃப்எம்56 இன்ஜின்கள் நூற்றுக்கும் மேல் இதில் சிக்கின. அதனால்தான் டி.சி.யைச் சரிபார்க்க நான் விற்றவரைக் கேட்பதில்லை. தாளில் அச்சிட்ட தொலைபேசி எண்ணையும் நம்புவதில்லை. ஆலையின் முகவரியை நானே தேடி, அங்கே எழுதிக் கேட்கிறேன். பையன் கொண்டுவரும் டி.சி.யில் சந்தேகம் வந்தால், தலைமையாசிரியர் பழைய பள்ளியைத்தானே விசாரிப்பார்?

பழைய பள்ளியே மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டிருந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. 2009இலும் 2011இலும் நாசாவின் செயற்கைக்கோள்களைச் சுமந்த டாரஸ் எக்ஸ்எல் ராக்கெட்டுகளில் மேல்கூடு கழன்று விழவில்லை. அந்தச் சுமையோடு சுற்றுப்பாதையை எட்ட முடியாமல் இரண்டும் விழுந்தன. நட்டம் 70 கோடி டாலருக்கு மேல். கூட்டைப் பிரிக்கும் இணைப்பு, சரியான இடத்தில் உடைய வேண்டிய அலுமினியம். அதைத் தந்த சாபா புரொஃபைல்ஸ், இழுவைச் சோதனை முடிவுகளைத் திருத்தி எழுதிவந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, 19 ஆண்டுகள். தாள் அசல், கையெழுத்தும் அசல், எண்கள்தான் பொய்.

இதற்கு ஒரே மருந்து, பையனை நிறுத்தி நாமே வாசிக்கச் சொல்வதுதான். வரும் லாட்டிலிருந்து ஒரு துண்டை அறுத்து வெளி லேபுக்கு அனுப்பி, இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

போன வாரம் எங்கள் ஸ்டாக்கிஸ்ட் கோபித்துக்கொண்டார். "பத்து வருஷப் பழக்கம் மேடம், என் சரக்கையே லேபுக்கு அனுப்புறீங்களா?"

"உட்காருங்க சார், காபி சொல்றேன்" என்றேன். அவர் குடித்து முடிப்பதற்குள் துண்டு லேபுக்குக் கிளம்பிவிட்டது. அதில் ஹீட் நம்பர் குத்தியிருந்தது.