இலையை விடுங்கள், தண்டைத் தடவிப் பாருங்கள்

வேலியில் படர்ந்த வள்ளிக்கொடியை இலையை மட்டும் வைத்து இனம் பிரிப்பது கடினம். பெருவள்ளி, காய்வள்ளி, சிறுவள்ளி மூன்றுக்கும் இதய வடிவ இலைதான். தூரத்தில் வெற்றிலைக்கொடியும் அப்படித்தான் தெரியும். ஆனால் வெற்றிலை கணுவில் வேர்விட்டுப் பற்றி ஏறும். வள்ளிக்குப் பற்றுவேர் இல்லை, தண்டே சுற்றிச் சுற்றி ஏறும்.

ஆகவே தண்டை விரலால் தடவ வேண்டும். நாலு பட்டையாக, ஒவ்வொரு விளிம்பிலும் மெல்லிய இறகு ஓடினால் அது பெருவள்ளி. குமரி மாவட்டத்தில் காச்சில் என்பார்கள். ஈழத்து இராசவள்ளியும் இந்த இனமே. இலைகள் பெரும்பாலும் எதிரெதிராக இருக்கும். தண்டு உருண்டு வழவழப்பாக, இலைகள் மாறிமாறி அமைந்து, இலைக்கக்கத்தில் உருளைக்கிழங்கு போல் காய் தொங்கினால் காய்வள்ளி. பெருவள்ளியிலும் சில சமயம் இப்படிக் காய்ப்பதால் காயை மட்டும் நம்பக்கூடாது. அடித்தண்டில் முள் குத்தினால் சிறுவள்ளி. தோண்டினால் சிறு கிழங்குகள் கொத்தாக வரும். இன்னொரு நல்ல அடையாளம், சுற்றும் திசை. பெருவள்ளி சுற்றும் திசைக்கு நேர் எதிராகத்தான் மற்ற இரண்டும் சுற்றும். திருப்பிக் கட்டினாலும் கொடி தன் வழிக்கே திரும்பிவிடும்.

காட்டில் முள்தண்டும் காம்புக்கு மூன்று சிற்றிலையும் கண்டால் கை வைக்காதீர்கள். டயாஸ்கோரின் என்னும் நரம்பு நஞ்சுள்ள இனம் அவற்றில் உண்டு. பழங்குடி மக்கள் அதைச் சீவி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு நஞ்சை நீக்கிய பிறகே சமைக்கிறார்கள். அந்தப் பக்குவம் தெரியாதவர்கள் ஒதுங்குவதே நல்லது.

பெருவள்ளியை வளர்ப்பது எளிது. கோடைமழைக்கு முன், பங்குனி வாக்கில், ஒன்றரையடிக் குழியில் மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் நிரப்ப வேண்டும். 250 முதல் 300 கிராம் எடையுள்ள துண்டு போதும். தோல் ஒட்டியிருந்தால் எந்தத் துண்டும் முளைக்கும், தலைப்பகுதி முந்திக்கொள்ளும். வெட்டுவாயைச் சாணக்கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தி, குழிக்குக் குழி மூன்றடி விட்டு நட்டு, சருகு மூடாக்குப் போடுங்கள். முளைத்த இரு வாரத்துக்குள் கம்போ கயிறோ கொடுத்துவிட வேண்டும். தரையில் கிடக்கும் கொடியில் இலைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். வெயில் குறைந்தால் கிழங்கும் சிறுக்கும். திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்ரீகீர்த்தி, ஸ்ரீரூபா நல்ல ரகங்கள்.

ஒன்பது, பத்து மாதத்தில் கொடி மஞ்சளித்துக் காயும். அதுவே தோண்டும் நேரம். மண்வெட்டி பட்ட கிழங்கு சீக்கிரம் அழுகும். அதை முதலில் சமைத்துவிடுங்கள். முழுக்கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறங்கும், அதுவரை நிழலில் காற்றோட்டமாக வைத்தால் கெடாது. தோல் சீவும்போது கை அரித்தால் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். ஊதா நிறக் கிழங்கு கிடைத்தால், யாழ்ப்பாணத்தார் செய்வதுபோல் மசிய வேகவைத்துத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சுங்கள்.