கொடுக்காமல் விட்ட பந்து

உடுப்பிட்டி அமெரிக்க மிஷன் கல்லூரியின் பெயரை நாம் எத்தனையோ முறை உச்சரித்திருப்போம். அப்பெயருக்குள் ஒரு தூரதேசம் ஒளிந்திருக்கின்றது. 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரை அனுப்பிய சங்கம், மசாசூசெற்ஸ் மாநிலத்துப் பொஸ்ரன் நகரிலிருந்து இயங்கியது. மானிப்பாயில் தமிழ்மொழியிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன், அதே மாநிலத்தின் வூஸ்ரர் நகரில் 1822 இல் பிறந்தவர். கூடைப்பந்தாட்டம் 1891 இல் தோன்றியதும் அம்மாநிலத்திலேதான். வூஸ்ரரில் இயேசு சபைத் துறவியர் 1843 இல் நிறுவிய திருச்சிலுவைக் கல்லூரி இன்றும் உள்ளது. அக்கல்லூரி உருவாக்கிய ஒரு கூடைப்பந்தாட்ட வீரரின் வாழ்வு இவ்வாரம் நம் சிந்தனைக்கு உரியதாகின்றது.

பொப் கூஸி 1928 இல் நியூயோர்க்கில் பிறந்தார். பிரான்சிலிருந்து குடியேறிய ஏழைப் பெற்றோரின் மகன். தந்தை வாடகைக்கார் ஓட்டிப் பிழைத்தவர். பாடசாலை அணியில் இடம் கேட்டபோது கூஸி நிராகரிக்கப்பட்டார். பின்னர் மரத்திலிருந்து விழுந்து வலக்கை முறிந்தது. அவர் சோர்ந்திருக்கவில்லை, இடக்கையால் பந்தைக் கையாளப் பழகிக்கொண்டார். இரு கைகளையும் ஒருபோலப் பயன்படுத்தும் அந்தத் திறமையே அவருக்கு அணியின் கதவைத் திறந்தது. துன்பம் ஒரு கையைக் கட்டும்போது இறைவன் மறு கையைப் பழக்குகின்றார் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

கூடைப்பந்தாட்டத்தில் 'பொயின்ற் கார்ட்' எனப்படும் வீரருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. பந்தை முன்னகர்த்துபவர் அவரே. தம் அணியினர் எவர் எங்கே நிற்கின்றார், எவருக்கு இப்போது பந்து வேண்டும் என்பதை ஒரு நொடியில் உணர்ந்து, உரியவரிடம் சேர்ப்பிப்பது அவர் கடமை. கூஸி இதில் இணையற்றவராய் விளங்கினார். 1947 இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான வெற்றிக்கிண்ணத்தைத் திருச்சிலுவைக் கல்லூரி வென்றபோது அவர் முதலாண்டு மாணவர். பின்னர் பொஸ்ரன் செல்ரிக்ஸ் அணியில் 13 பருவங்கள் ஆடி, 6 முறை வெற்றிக்கிண்ணம் கண்டார். சகவீரர்கள் புள்ளி பெறும்படி பந்தை வழங்கியோரின் வரிசையில் தொடர்ந்து 8 பருவங்கள் முதலிடம் அவருடையதே. 1963 இல் அவர் விடைபெற்ற நாளில் அரங்கமே கண்ணீர் சிந்தியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது ஒரு வீரரின் புகழ்மாலையாகவே இருந்திருக்கும்.

அந்நாளைய அமெரிக்காவில் நிறவெறி கொடுமையாக நிலவியது. கூஸியின் தொடக்க ஆண்டுகளில், சக் கூப்பர் என்ற கறுப்பின வீரருக்குத் தென்மாநில விடுதி ஒன்று இடமளிக்க மறுத்தது. கூஸி அவரைத் தனியே விடாமல் அவருடனேயே இரவுப் புகையிரதத்தில் திரும்பினார். நிலையத்தில் வெள்ளையருக்கு வேறு, கறுப்பருக்கு வேறு எனப் பலகையிட்ட கழிப்பறைகளைக் கண்டு வெட்கித் தலைகுனிந்தார். நல்ல மனம் அவரிடம் இருந்தது என்பதில் ஐயமில்லை.

1956 இல் பில் றஸல் அணியில் சேர்ந்தார். அவரும் கறுப்பினத்தவர். கூஸி பெற்ற ஆறு வெற்றிக்கிண்ணங்களும் றஸல் உடன் நின்று வென்றவையே. ஆயினும் பொஸ்ரன் நகரத்தார் கூஸியைக் கொண்டாடிய அளவுக்கு றஸலைக் கொண்டாடவில்லை. இழிசொற்கள் அவர்மீது வீசப்பட்டன. அவருடைய வீட்டுக்குள் விஷமிகள் புகுந்து, சுவர்களில் நிறவெறிச் சொற்களை எழுதிப் படுக்கையையும் அசுத்தப்படுத்தினர். அணித்தலைவராய் இருந்த கூஸி, றஸலுக்கு யாதொரு தீங்கும் செய்ததில்லை. ஆனால் "உன் துயரம் என்ன?" என்று அருகில் அமர்ந்து கேட்டதுமில்லை. மைதானத்தில் முதுகுக்குப் பின்னால் நிற்பவரையும் அறிந்து பந்து கொடுத்தவர், பக்கத்தில் நின்றவரின் காயத்தை அறியத் தவறினார்.

இந்த நினைவு முதுமையில் அவரை உறுத்தியது. மறதிநோயுற்ற மனைவியைப் பல ஆண்டுகள் தம் கையாலேயே பராமரித்தார். 2013 இல் அவர் இறைவனடி சேர்ந்தபின் தனிமையில் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்தார். 2016 இல், தமது 87 ஆவது வயதில், றஸலுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்களின் வேதனையைச் சொல்லும் நூலொன்றையும் உடன் அனுப்பினார். அன்று உன் வலியை அறிய நான் இன்னும் முயன்றிருக்க வேண்டும் என்பதே அக்கடிதத்தின் பொருள். அரை நூற்றாண்டுக்கு முன் கொடுக்காமல் விட்ட பந்தை, நடுங்கும் கைகளால் அவர் கொடுத்தார். றஸல் 2022 இல் காலமானார். கடிதம் அதற்கு முன்னரே சென்று சேர்ந்துவிட்டது.

அன்பார்ந்தவர்களே, திருப்பலியின் தொடக்கத்தில் நாம் செய்த பாவங்களோடு, செய்யாமல் விட்ட கடமைகளையும் அறிக்கையிடுகின்றோம். நற்செய்தியில் வரும் செல்வன் லாசரை அடித்தானா, துரத்தினானா? இல்லை. வாசலில் கிடந்தவனைக் காணாது கடந்துபோனான். அதுவே அவனுக்குத் தீர்ப்பாயிற்று.

நம் மண்ணுக்கும் இது அந்நியமான கதையன்று. 1960களில் யாழ்ப்பாணத்தின் தேநீர்க்கடைகளிலும் கோவில்களிலும் சமமாக நுழையும் உரிமைக்காக மனிதர் போராட வேண்டியிருந்தது. நம் கத்தோலிக்க ஆலயங்களும் சாதிப் பிரிவினையிலிருந்து முற்றாக விடுபட்டிருக்கவில்லை. அன்று கதவை அடைத்தவர்கள் சிலரே. அதைக் கண்டும் வாய் திறவாத நல்லவர்கள் பலர். ஒரே வகுப்பில் படித்து, ஒரே அணியில் விளையாடி, அந்த நண்பனைத் தம் வீட்டு விறாந்தைக்கு அப்பால் அழைக்காதவர்களும் நம்மிடையே உண்டு.

வேலிச் சண்டையில் பேச்சை முறித்த அயலவர்கள், சீதனக் கணக்கில் பிரிந்த சகோதரர்கள், போரின்போது பிள்ளையை இழந்த வீட்டுக்கு எப்படிச் செல்வதென்று தயங்கித் தயங்கியே செல்லாமல் விட்டவர்கள் என நம் பட்டியலும் நீளமானதே. செத்தவீட்டில் சென்று அழும் கண்ணீரை, உயிரோடு இருக்கும்போதே ஒரு சொல்லாகக் கொடுக்கக் கூடாதா? பீடத்தருகே காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்ன ஆண்டவர், அவன் மன்னித்தால் போ என்று நிபந்தனை விதிக்கவில்லை. பதில் அவன் கையில் உள்ளது; போவது நம் கையில்.

இவ்வாரம் ஒரு பெயரை நினைவுகூருங்கள். தொலைபேசி எண் இருந்தால் அழையுங்கள். கனடாவில் இருந்தால் கடிதம் எழுதுங்கள். அடுத்த ஒழுங்கையில் இருந்தால் நடந்தே செல்லுங்கள். எண்பத்தேழு வயதிலும் காலம் கடந்துவிடவில்லை என்பதற்குக் கூஸியின் கடிதமே சான்று. காணாமல் கடந்தவர்களைக் காணும் கண்களை இறைவன் நமக்கு அருள்வாராக.